வாய்க்காலில் சக்கரம் இறக்கும் முன் தண்ணீரின் வேகத்தை அளந்து சொல்லுங்கள்

தமிழ்நாடு நீர்வளத் துறையிலும் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்திலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

அணை கட்டாமல், ஆற்றை மறிக்காமல், ஓடுகிற தண்ணீருக்குள்ளேயே ஒரு சக்கரத்தை இறக்கி மின்சாரம் எடுக்கும் இயந்திரங்களை மத்திய மின்சார ஆணையம் 2024 டிசம்பரில் நீர்மின் வகையில் சேர்த்து அங்கீகரித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசும் சிறு நீர்மின் திட்டங்களுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. இரண்டும் சேர்ந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். இயந்திரம் விற்கிறவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். காவிரியின் படத்தையும் கீழ்பவானி வாய்க்காலின் படத்தையும் காட்டி, இவ்வளவு தூரம் சும்மா ஓடுகிறதே, இத்தனை மெகாவாட் வீணாகப் போகிறதே என்று கணக்குப் போடுவார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் இந்த மடலை நீங்கள் படித்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் பவானி பக்கத்துக்காரன். கீழ்பவானிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பிழைப்புக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. ஓடும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் இயந்திரம் நம் வாய்க்கால்களுக்கு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறவன். அது தப்பான இடத்தில், தப்பான கணக்கோடு வந்து, ஒரு வருடம்கூட ஓடாமல் துருப்பிடித்துக் கிடந்து, "அதெல்லாம் நம்ம ஊருக்கு ஆகாது" என்று பேரெடுத்துவிடக் கூடாது. கேட்பது இவ்வளவுதான். முதலில் தண்ணீரின் வேகத்தை அளந்து வெளியிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு இயந்திரத்தை, ஆற்றில் அல்ல, வாய்க்காலில், ஒரு முழுப் பாசனப் பருவம் ஓட்டிப் பாருங்கள். அது முடியும் வரை யாரோடும் ஒப்பந்தம் போடாதீர்கள்.

வேகத்தை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், இந்த விஷயத்தில் எல்லாமே வேகத்தில்தான் இருக்கிறது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் சக்தி எட்டு மடங்காகும். நொடிக்கு ஒரு மீட்டர், அதாவது நாம் சாவகாசமாக நடக்கிற வேகத்தில் ஓடும் தண்ணீரில், ஒரு சதுர மீட்டர் பரப்பைக் கடந்து போகும் சக்தி 500 வாட். அதில் 59 சதவீதத்துக்கு மேல் எந்தச் சக்கரத்தாலும் எடுக்க முடியாது என்பது இயற்பியல் போட்ட எல்லை. பேரிங் உராய்வு, கியர், ஜெனரேட்டர் எல்லாம் போக நிஜத்தில் கைக்கு வருவது மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. 150 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மின்விசிறி ஓடும். அதே தண்ணீர் நொடிக்கு 2 மீட்டர் ஓடினால் 1,200 வாட் கிடைக்கும். 3 மீட்டர் ஓடினால் 4 கிலோவாட்.

ஆகவே, 2 மீட்டர் வேகம் என்று சொல்லி விற்றுவிட்டு, உண்மையில் ஒன்றரை மீட்டர்தான் ஓடுகிறது என்றால், சொன்ன மின்சாரத்தில் பாதிகூட வராது. 42 சதவீதம்தான் வரும். இயந்திரத்தில் ஒரு குறையும் இருக்காது, தொழிலாளி மேலும் தப்பு இருக்காது, மின்சாரம் மட்டும் இருக்காது.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும், விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரின் ஓட்டத்தில் இருக்கும் சக்தி, அதே தண்ணீர் வெறும் 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் சக்திக்குச் சமம். 2 மீட்டர் வேகமென்றால் 20 சென்டிமீட்டர். கீழ்பவானி வாய்க்காலுக்கு முழு அளவில் விடுவது 2,300 கன அடி, அதாவது நொடிக்குச் சுமார் 65 கன மீட்டர். அவ்வளவு தண்ணீரும் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு குறுக்குவெட்டில் அந்த ஓட்டத்தில் இருக்கும் மொத்தச் சக்தி 32 கிலோவாட்தான். அதையும் முழுதாக எடுக்க முடியாது. அதே 65 கன மீட்டர் ஒரே ஒரு மீட்டர் படியிறங்கினால் 630 கிலோவாட்டுக்கு மேல். நம் முன்னோடிப் பொறியாளர்கள் விழும் தண்ணீரைத் தேடிப் போனதற்குக் காரணம் இதுதான். 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம். பவானிசாகர் அணையில் வாய்க்காலுக்கு விடும் தண்ணீரிலும் ஆற்றுக்கு விடும் தண்ணீரிலும் தலா 8 மெகாவாட் எடுக்கும் நிலையங்கள் வந்ததும் அதே காரணத்தால்தான்.

இப்படிச் சொன்னால், அப்படியானால் எதற்கு இந்த இயந்திரம், சோலார் போதுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு கிலோவாட் சோலார் நம் ஊரில் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். வாய்க்காலில் ஒரு கிலோவாட் இடைவிடாமல் ஓடினால் 24 யூனிட். ராத்திரியும் ஓடும், மழை மூட்டத்திலும் ஓடும், பேட்டரி வேண்டியதில்லை. கம்பி போகாத மதகடியில் விடிய விடிய ஓடுகிற அரை கிலோவாட்டுக்கு உள்ள மதிப்பு வேறு. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தப் பசிக்கு இது சோறு போடாது. ஆனால் ஒரு ஷட்டரை ஏற்றி இறக்க, ஒரு நீர்மட்ட அளவியை ஓட்ட, கரையில் நாலு விளக்கு எரிய இது போதும். இதை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும், மெகாவாட்டை வைத்து அல்ல.

சரி, இடத்துக்கு வருகிறேன்.

காவிரி ஆற்றுக்குள் இதை இறக்காதீர்கள். மேட்டூர் அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணைகள். அதற்கும் கீழே பவானி கட்டளைக் கதவணைகள் மூன்று. ஒவ்வொன்றும் 30 மெகாவாட், ஆக மொத்தம் 210. அந்த மின்சாரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதற்காக நாம் கொடுத்த விலை, ஆறு ஆறாக ஓடுவதை இழந்தது. ஒரு கதவணையின் தேக்கம் முடியும் இடத்தில் கொஞ்ச தூரம் தண்ணீர் சலசலக்கும். அதற்குள் அடுத்த தேக்கம் வந்துவிடும். தேங்கிய இடத்தில் ஆகாயத்தாமரை பச்சைப் போர்வையாக மூடிக்கொள்கிறது. சாயக்கழிவு கலந்தால் அது அடித்துக்கொண்டு போகாமல் அங்கேயே நிற்கிறது. பரிசலில் வலை போடப் போகிறவர் துடுப்பால் தாமரையை விலக்கிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. இப்படி மிச்சமிருக்கும் கொஞ்ச ஓட்டத்தையும் சக்கரத்துக்குக் கேட்பது சரியில்லை. தேங்கிய இடத்தில் வேகம் இல்லை, வேகம் இருக்கும் இடம் மீனுக்கும் ஆற்றுக்கும் கடைசி இடம். இரண்டில் எங்கே இறக்குவீர்கள்?

ஒகேனக்கல் பக்கம் வேகம் இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். இருக்கிறது. அங்கே பரிசல் ஓட்டிப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஆற்றுக் கரைக் காட்டில் நீர்நாயும் முதலையும் இருக்கின்றன. அந்தக் காட்டின் ஒரு பகுதியை 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அரசே அறிவித்திருக்கிறது. அந்தப் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று. காவிரி வருடம் முழுவதும் ஓடும் ஆறு அல்ல. மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம், அதுவும் தண்ணீர் இருக்கிற வருடத்தில். பிறகு வருவது குடிநீருக்கு விடும் தண்ணீர்தான். சக்கரம் கோடை முழுவதும் மணல்மேல் உட்கார்ந்திருக்கும்.

வாய்க்கால் வேறு. எவ்வளவு தண்ணீர், எந்தத் தேதியில் திறப்பு, எந்தத் தேதியில் அடைப்பு என்பது முன்கூட்டியே தெரியும். ஆழம் தெரியும், அகலம் தெரியும். வெள்ளம் வந்து இயந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும் பயம் குறைவு. தண்ணீர் நின்ற பிறகு இறங்கிப் போய்க் கழற்றிப் பழுதுபார்க்கலாம். கீழ்பவானியில் ஆகஸ்ட் 15 வாக்கில் முதல் போகத்துக்குத் திறந்து, அதன் பிறகு புன்செய்க்கு இரண்டாவது முறை விடும்போது, நல்ல வருடத்தில் ஏழெட்டு மாதம் ஏதோ ஒரு அளவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் வாய்க்காலிலும் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. இந்த மடலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மண் வாய்க்காலைக் கட்டுகிறவர்கள் தண்ணீர் மெதுவாக ஓடும்படிதான் கட்டுவார்கள். வேகமாக ஓடினால் கரையை அரித்துவிடும். ஆக மண் வாய்க்காலில் இந்தச் சக்கரத்துக்கு வேண்டிய வேகம் இயல்பாகவே இருக்காது. கான்கிரீட் போட்டால்? வழவழப்பாகும், வேகம் கூடும், வேகம் கொஞ்சம் கூடினாலே மின்சாரம் நிறையக் கூடும். அப்போது, மின்சாரம் எடுக்க வேண்டுமென்றால் வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போட்டாக வேண்டும் என்று ஒரு புதிய நியாயம் முளைக்கும். கீழ்பவானியில் 709 கோடி ரூபாய்க்கு வாய்க்காலைச் சீரமைக்கும் திட்டம் 2020இல் வந்தபோது இங்கே எவ்வளவு பெரிய போராட்டம் நடந்தது என்பது உங்கள் துறைக்குத் தெரியும். மண் வாய்க்காலில் கசியும் தண்ணீர்தான் பக்கத்துக் கிணறுகளை நிரப்புகிறது, கீழ்ப்பக்கத்துக் குட்டைகளுக்கு ஊறுகிறது, வாய்க்கால் பாசனமே இல்லாத தோட்டத்துத் தென்னைக்கும் அதுதான் உயிர். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதில்லை என்கிறவர்களின் குறையும் உண்மையானது, கான்கிரீட் வேண்டும் என்று கேட்டவர்களும் விவசாயிகள்தான். அந்த வழக்கு அந்த நியாயங்களை வைத்தே தீரட்டும். அதற்குள் மின்சாரத்தைக் கொண்டுவந்து நுழைக்காதீர்கள். சக்கரத்துக்காக ஓரடி வாய்க்காலுக்கும் கான்கிரீட் போட மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். அப்போதுதான் இந்த ஊரில் யாரும் உங்கள் இயந்திரத்தைப் பக்கத்தில் விடுவார்கள்.

அப்படியானால் எங்கே வைப்பது? இருக்கிற வாய்க்காலிலேயே தண்ணீர் தானாக வேகமெடுக்கும் இடங்கள் உண்டு. ஓடையைக் கடக்கும் தொட்டிப்பாலங்கள், படியிறங்கிய உடனே வரும் கட்டுமானப் பகுதி, பாலத்துக்கு அடியில் வாய்க்கால் குறுகும் இடம், ரெகுலேட்டர் ஷட்டருக்குக் கீழே உள்ள பாய்ச்சல். அங்கெல்லாம் ஏற்கெனவே கல்லும் கான்கிரீட்டும்தான். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணைக்குப் போகும் 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயையும் பார்க்கலாம். அங்கே குளிக்கிறவர்கள் கூட்டம் இல்லை, ஊர்க் குப்பை இல்லை. ஆனால் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது, வனத்துறையை முதல் நாளே கூட வைத்துக்கொள்ள வேண்டும்.

மின் நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் வேகமாக இருக்கிறது, அங்கேயே இறக்கலாம் என்ற யோசனையும் கண்டிப்பாக வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஓடும் தண்ணீரில் எதை வைத்தாலும் அதற்கு மேல்பக்கம் தண்ணீர் கொஞ்சம் ஏறும். வெளியேறும் பக்கத்தில் தண்ணீர் ஏறினால், மேலே இருக்கும் பெரிய டர்பைனுக்குக் கிடைக்கும் விழும் உயரம் அந்த அளவு குறையும். 65 கன மீட்டர் தண்ணீரில் 10 சென்டிமீட்டர் உயரம் போனால் 60 கிலோவாட்டுக்கு மேல் போச்சு. அங்கே போனது தெரியாமல் இங்கே வந்த 10 கிலோவாட்டுக்கு ரிப்பன் வெட்டக் கூடாது. மின் நிலையத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தால் மேலே பாதிக்காது என்பதை அளவெடுத்த பிறகுதான் முடிவுசெய்ய வேண்டும்.

இதே தண்ணீர் ஏறும் விஷயம்தான் விவசாயிக்கும் முக்கியம். சக்கரத்துக்கு மேல்பக்கம் மட்டம் ஏறினால் அங்குள்ள மதகில் கூடுதலாகத் தண்ணீர் போகும். அப்போது கீழ்பக்கத்து மதகுக்குக் குறையும். முழுக் கொள்ளளவில் ஓடும்போது கரை விளிம்பு வரை ஏறினால் உடைப்புக்கும் வழி. வரிசையாகப் பத்து இருபது சக்கரம் என்று படம் வரைகிறவர்கள், ஒவ்வொரு சக்கரமும் வாய்க்காலின் சரிவில் கொஞ்சத்தைத் தின்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். கீழ்பவானியில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் இந்தச் சரிவை நம்பித்தான் இருக்கிறது.

பட்டறைக்காரனாக என் கவலை வேறொன்று, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மணல் ஏறும் போர்வெல்லில் ஓடிய மோட்டாரைப் பிரித்தால், புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து, ஷாஃப்டில் மோதிரம் மோதிரமாகக் கோடு விழுந்திருக்கும். சீல் போய்விட்டிருக்கும். அதன் வழியே கலங்கல் உள்ளே ஏறி, தள்ளுவிசை பேரிங்கின் கார்பன் பொடியாகியிருக்கும். இவ்வளவும் பூமிக்குள் வடிகட்டியைத் தாண்டி வரும் மணலால். வாய்க்காலில் வருவது மணல் மட்டுமா? திறந்த முதல் வாரத்தில் வரும் தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்களா? காய்ந்த செடி, தென்னை மட்டை, தெர்மாகோல், பிளாஸ்டிக் பை, செத்த ஆடு, எல்லாம் வரும். காவிரியில் என்றால் பவானி கூடுதுறையில் சடங்கு முடித்து ஆற்றில் விடும் துணிகள் வேறு. இருக்கிறதிலேயே மோசமானது துணிதான். ஒரு நூல் சேலை சுழலும் ஷாஃப்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், ஓட ஓட இறுகும். நைலான் வலைத்துண்டு என்றால் சீலுக்குள்ளேயே நுழைந்துவிடும்.

இது புதுப் பிரச்சினையும் அல்ல. கி.பி. 537இல் கோத்தியர்கள் ரோம் நகரை முற்றுகையிட்டு, மாவு ஆலைகளுக்கு வந்த தண்ணீரை வெட்டிவிட்டார்கள். ரோமானியத் தளபதி பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் இரண்டிரண்டு படகுகளை நிறுத்தி, நடுவில் சக்கரம் கட்டி, ஓடும் தண்ணீரிலேயே மாவரைக்க ஏற்பாடு செய்தார். இதைத் தெரிந்துகொண்ட கோத்தியர்கள் மரங்களையும் பிணங்களையும் ஆற்றில் மிதக்கவிட்டுச் சக்கரங்களை உடைத்தார்கள். அவர் மேல்பக்கத்தில் ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டி, சேர்ந்ததை ஆள் வைத்து அள்ளினார். அமெரிக்காவின் அலாஸ்காவில் யூகான் ஆற்றங்கரையில் ரூபி என்ற சிற்றூரில் 2008இல் 5 கிலோவாட் இயந்திரம் ஒன்றை இறக்கினார்கள். அங்கேயும் பெரிய தலைவலியாக வந்தது ஆற்றில் அடித்து வந்த மரங்கள்தான்.

ஆகவே குப்பைத் தடுப்புக் கம்பி வலையும் அதை அள்ள ஆளும் இல்லாமல் இயந்திரத்துக்கு மட்டும் டெண்டர் விடாதீர்கள். அள்ளுகிறவருக்குச் சம்பளம் திட்ட மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். கம்பி வலை அடைத்துக்கொண்டால் அதுவே தண்ணீரை மறிக்கும், ஆக இது ராத்திரியும் பார்க்க வேண்டிய வேலை. பேரிங், சீல், புஷ் எல்லாம் ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் கடையில் கிடைக்கும் அளவில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். ஒரு சீலுக்காக வெளிநாட்டுக்கு எழுதிவிட்டு ஒரு போகம் முழுக்க உட்கார்ந்திருக்க முடியாது. பம்ப் செய்வதில் கோயம்புத்தூரை மிஞ்ச நாட்டில் ஆளில்லை. இந்தச் சக்கரத்தை அங்கே செய்ய முடியாதா என்ன? பாலிடெக்னிக் மாணவர்களிடம் கொடுங்கள், பட்டறைகளைக் கூப்பிடுங்கள்.

அலாஸ்காவிலேயே நன்றாகப் போன கதையும் உண்டு. க்விஜாக் ஆற்றங்கரையில் இகியூகிக் என்று ஒரு ஊர், சுமார் 70 பேர்தான் இருக்கிறார்கள். டீசல் ஜெனரேட்டரை நம்பி வாழ்ந்தவர்கள், டீசல் வருவதற்கே பெரும் செலவு. 2019இல் ஆற்றின் அடியில் ஒரு இயந்திரத்தை இறக்கினார்கள். எனக்கு அதில் பிடித்தது இயந்திரத்தைவிட, அதற்கான உரிமம் யார் பெயரில் இருந்தது என்பதுதான். அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அந்த உரிமத்தை அந்த ஊரின் பூர்வகுடி மன்றத்துக்கே கொடுத்தது. அந்த ஆறு சால்மன் மீன் ஏறும் ஆறு, ஊரின் சாப்பாடே அதுதான். மீன் அடிபடுகிறதா என்று தண்ணீருக்கடியில் கேமரா வைத்துப் பார்த்தார்கள். இதற்கெல்லாம் முன்பே பல வருடம் சோதித்தார்கள். அந்த ஆறு ஒரு பெரிய ஏரியிலிருந்து தெளிந்து வருகிறது, வேகமும் இருக்கிறது, மாற்றுச் செலவோ மிக அதிகம். எல்லாம் கூடி வந்த இடம். நம் வாய்க்காலில் அந்த மூன்றும் அப்படியே இல்லை. ஆனால் ஊரார் பெயரில் உரிமம் கொடுப்பதற்கு நமக்கு என்ன தடை? தமிழ்நாடு விவசாயிகள் நீர்ப்பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டம், 2000 இருக்கிறது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இருக்கின்றன. சோதனை இயந்திரத்தை அந்தச் சங்கத்தின் பொறுப்பில் விடுங்கள். தண்ணீர் குறைகிறது, மட்டம் ஏறுகிறது என்று சங்கம் சொன்னால் மேலே யாரையும் கேட்காமல் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் உரிமை அவர்களுக்கு வேண்டும். தண்ணீர் முதலில் பயிருக்கு, மின்சாரம் அதற்கு அப்புறம் என்ற வரிசை ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் விட்டால் எங்கள் பக்கத்து வாய்க்கால் பாலங்களிலிருந்து பையன்கள் குதிப்பார்கள். மாடு கழுவுவார்கள், துணி துவைப்பார்கள், ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். கலங்கல் தண்ணீரில் ஓரடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. படித்துறைக்கும் பாலத்துக்கும் பக்கத்தில் சுழலும் எதையும் வைக்கக் கூடாது. வைக்கும் இடத்தில் மேல்பக்கம் மிதவை வேலியும், பிடித்து ஏறக் கம்பியும் இருக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை வைத்தோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, நீந்தி வருகிற பையன் பலகை படிக்க மாட்டான்.

வேகம் அளப்பது ஒன்றும் பெரிய செலவில்லை. உங்கள் துறையிடம் நீரோட்டமானி இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், நேராக ஓடும் 20 மீட்டரைக் கயிறு பிடித்துக் குறித்துக்கொண்டு, நன்றாக ஊறிப் பாதி மூழ்கி மிதக்கும் தேங்காயை நடுவில் விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். தேங்காய்தான் சரி, காலி பாட்டிலைக் காற்று தள்ளிக்கொண்டு போகும். வருவது மேல்மட்ட வேகம். மொத்த வாய்க்காலின் சராசரி அதில் சுமார் 85 சதவீதம். விற்கிறவர் மேல்மட்ட நடு வேகத்தை வைத்து முழு வாய்க்காலுக்கும் கணக்குக் காட்டினால், உண்மையில் இருப்பது அதில் 61 சதவீதம்தான் என்பதை அங்கேயே சொல்லிவிடலாம். முழு அளவு தண்ணீர் ஓடும்போது ஒரு முறை, பாதி அளவில் ஒரு முறை, கடைசியில் குறைத்து விடும்போது ஒரு முறை என்று ஒவ்வொரு இடத்திலும் அளக்க வேண்டும். வாய்க்கால் ஆண்டு முழுவதும் முழு அளவில் ஓடுவதில்லை என்பதால் முதல் அளவை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாது.

அளந்ததை உள்ளே வைத்துக்கொள்ளாமல் பொதுவில் போடுங்கள். மைல் கல் எண், அகலம், ஆழம், வேகம், தேதி, இவ்வளவு இருந்தால் போதும். ஒரு கல்லூரி மாணவர், ஒரு பட்டறைக்காரர், ஒரு சங்கத் தலைவர், யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவார்கள். நொடிக்கு ஒன்றரை மீட்டருக்குக் கீழே இருக்கும் இடங்களை முதலிலேயே அடித்துவிடுங்கள். மிஞ்சும் இடங்களில் குளிக்கிறவர்கள் இல்லாத, மேலே மின் நிலையம் பாதிக்கப்படாத, கரை உறுதியான ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கே ஒரு இயந்திரம். சக்கரம் 2 சதுர மீட்டர், தண்ணீர் 2 மீட்டர் வேகம் என்றால் 2.4 கிலோவாட், ஒரு நாளைக்கு 57 யூனிட்டுக்கு மேல். அந்த ரெகுலேட்டரின் ஷட்டர் மோட்டாருக்கும், விளக்குக்கும், அளவிக்கும் கொடுத்து மிச்சமிருந்தால் பக்கத்து ஊராட்சியின் குடிநீர் மோட்டாருக்குக் கொடுங்கள். எத்தனை யூனிட் வந்தது, எத்தனை முறை நின்றது, எதனால் நின்றது, எவ்வளவு குப்பை அள்ளியது, மேல்பக்கம் எவ்வளவு மட்டம் ஏறியது என்பதை மாதாமாதம் அந்த மதகடியிலேயே பலகையில் எழுதி வையுங்கள். சரியாக வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

அடுத்த முறை கீழ்பவானியில் தண்ணீர் திறப்பதற்கு முன்பே அளக்கும் இடங்களின் பட்டியலைச் சங்கங்களுக்கு அனுப்பிவிடுங்கள். கயிறு பிடிக்கவும் குறிப்பெழுதவும் ஒவ்வொரு மதகுக்கும் இரண்டு பேர் எங்கள் பக்கத்திலிருந்து வருவார்கள், கூலி வேண்டாம். பழைய சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்றை ஜெனரேட்டராக மாற்றிக் கட்டிப் பார்க்க வேண்டுமென்றால் என் பட்டறையையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கீழ்பவானிப் பாசன விவசாயி, மோட்டார் பட்டறைக்காரர்
பவானி வட்டம், ஈரோடு மாவட்டம்